குழு என்றால் மூன்று பேர்

புதுச் சட்டம் ஒன்று வந்தால் பெரும்பாலான வக்கீல்கள் தண்டனைப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவார்கள். நான் அப்படியில்லை. முன்னால் வருகிற வரையறைப் பகுதியை நிதானமாகப் படிப்பேன். எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அங்கேதான் சொல்லியிருப்பார்கள். பின்னால் வருகிற ஆயுள் தண்டனையெல்லாம் அந்தச் சொல்லுக்குள் மாட்டிக்கொண்டவனுக்கு. மாட்டாதவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கலாம். தலைக்கு வந்ததைத் தலைப்பாகையோடு போகச் செய்வதுதான் எங்கள் தொழில்.

நீங்களும் அதைப் படிக்கிறவர்தான், மேடம். உங்கள் மேசையில் இருக்கும் புத்தகத்தில் முதல் பக்கங்கள் மட்டும் அழுக்கேறியிருக்கின்றன. அதைப் பார்த்ததும் உங்கள்மேல் மரியாதை வந்துவிட்டது. அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

என் அக்காவின் வீட்டுக்காரர், அதாவது அத்தான், பழைய அடுக்குமாடிகளை இடித்துக் கொடுக்கிற தொழில் செய்கிறார். இடிப்பது பெரிய காரியமில்லை. உள்ளே இருக்கிறவர்களைக் கிளப்புவதுதான் பெரிய காரியம். கட்டடத்தை வாங்குகிறவர்கள் காலி இடமாகத்தான் கேட்பார்கள். குடியிருக்கிறவர்களோ நகர மாட்டார்கள். நடுவில் நடக்க வேண்டியதை அத்தான் பார்த்துக்கொள்வார். தண்ணீர் மோட்டார் ரிப்பேராகும். லிஃப்ட் நின்றுபோகும். அதற்கும் அசையாதவர்களின் கதவை, அத்தானிடம் வேலை பார்க்கும் மேஸ்திரி தட்டுவார். மேஸ்திரி அதிகம் பேசாத ஆள். சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று, "எப்போ போறீங்க?" என்று மட்டும் கேட்பார். புத்திசாலிகள் அந்த வாரமே போய்விடுவார்கள். சிலருக்குக் கையோ காலோ உடைந்த பிறகுதான் கேள்வி புரியும்.

அதற்குப் பிறகு என் தம்பி போவான். அழுகிறவர்களின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொள்வான். வேறு வீடு பார்த்துக் கொடுப்பான், சாமான் ஏற்ற வண்டி பிடித்துக் கொடுப்பான், கட்டுப் போட்ட கைக்குப் பதிலாகத் தானே பெட்டியைத் தூக்குவான். திரும்பி வரும்போது சம்மதக் கையெழுத்தோடு வருவான். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவது என்பார்களே, அதில் கிள்ளுகிறவர் மேஸ்திரி, ஆட்டுகிறவன் தம்பி. அவன் ஆட்டுவதை உண்மையான மனசோடு செய்தான் என்பதுதான் பின்னால் தொந்தரவாகிவிட்டது.

எங்கள் அம்மா சீக்கிரமே போய்விட்டாள். அக்காதான் எங்கள் இருவரையும் வளர்த்தாள். அத்தான் பெண் கேட்டு வந்தபோது, "என் தம்பிங்க ரெண்டு பேரும் என்னோடதான் வருவாங்க, அதுக்குச் சரின்னா சரி" என்று சொன்னவள் அவள். அத்தான் சரி என்றார். என்னைச் சட்டம் படிக்க வைத்தார். தம்பிக்குப் படிப்பு ஏறவில்லை, தன் தொழிலிலேயே சேர்த்துக்கொண்டார். ஒரு மனிதர் இதற்குமேல் என்ன செய்ய முடியும்?

உங்கள் மேசையில் இருக்கிற அந்தச் சட்டம் வந்த வாரம், மதியச் சாப்பாட்டின்போது அத்தான் கேட்டார்.

"என்னவோ புதுசா ஒண்ணு வந்திருக்காமே மாப்பிள்ளை. நம்மைக் கடிக்குமா?"

நான் விளக்கினேன். மூன்று பேரோ அதற்கு மேலோ, ஆதாயத்துக்காக, மிரட்டியோ அடித்தோ, தொடர்ந்து சேர்ந்து செயல்பட்டால் அது குற்றக் குழு. கம்பெனியாகப் பதிவு செய்திருந்தாலும் ஒன்றுதான், செய்யாவிட்டாலும் ஒன்றுதான். குழு என்று நிரூபணமானால் அதன் ஆதாயத்தில் வந்த சொத்து, யார் பெயரில் இருந்தாலும், அரசாங்கத்துக்குப் போய்விடும்.

"யார் பேர்ல இருந்தாலுமா?" என்றார் அத்தான். வீடு அக்கா பெயரில் இருக்கிறது.

"யார் பேர்ல இருந்தாலும்."

"அப்ப ரெண்டு பேர்னா?"

"ரெண்டு பேர்னா அது குழு இல்லை, அத்தான். சாதாரணக் குற்றம். அவங்கவங்க செஞ்சதுக்கு அவங்கவங்க அனுபவிக்கணும். வீட்டைத் தொட முடியாது."

அத்தான், மேஸ்திரி, தம்பி. மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். சரியாக மூன்று வந்தது. ஒரு ஆள் அதிகம். அப்போது தம்பி எதிரில் உட்கார்ந்து தயிர் கேட்டுக்கொண்டிருந்தான். எனக்கு எந்தக் கெட்ட எண்ணமும் வரவில்லை என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு வாத்தியார் விஷயம் நடந்தது. இடிக்க வேண்டிய ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஓய்வுபெற்ற வாத்தியாரும் அவர் மனைவியும் மட்டும் மிச்சம் இருந்தார்கள். லிஃப்டை நிறுத்தினோம், தண்ணீரை நிறுத்தினோம். அவர் கீழே தெருக்குழாயில் பிடித்துச் சுமந்துகொண்டு ஏறினார். பிடிவாதக்காரர். மாடிப்படியின் கைப்பிடியைக் கழற்றினால் என்ன என்று அத்தான் கேட்டார். பராமரிப்பு வேலை என்று நோட்டீஸ் ஒட்டினால் சட்டப்படி குற்றமில்லை என்றேன். எழுதியும் கொடுத்தேன். மேஸ்திரி கழற்றினார். ஒரு காலையில் வாத்தியார் இரண்டு கையிலும் வாளியோடு ஏறும்போது கால் இடறி விழுந்து இறந்துபோனார். நோட்டீஸ் ஒட்டியிருந்ததால் அது விபத்து என்று முடிந்தது.

அந்த அம்மாவை மகள் வீட்டுக்கு அனுப்பி வைக்கத் தம்பிதான் போனான். சாமான்களை அவனே சுமந்து இறக்கினான். அவர் அவனைத் திட்டவில்லை, சபிக்கவில்லை. கடைசிப் பெட்டிக்காக அவன் மறுபடி மேலே கிளம்பியபோது, "பார்த்துப் போப்பா, படியில கைப்பிடி இல்ல" என்று மட்டும் சொன்னாராம்.

அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லில் என் தம்பி உடைந்துவிட்டான். சாபம் விட்டிருந்தால் தாங்கியிருப்பான்.

மறுநாள் என் ஆபீசுக்கு வந்தான். கட்சிக்காரர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அண்ணா, நான் போய்ச் சொல்லிடப் போறேன்."

"என்னன்னு?"

"நாம செஞ்சதை."

"நாம இல்லை. நீங்க மூணு பேர்."

"சரிண்ணா. நாங்க மூணு பேர்."

அக்கா வீடு போய்விடும் என்று சொன்னேன். அக்காவிடம் தானே பேசுவதாகச் சொன்னான். எங்காவது வெளிநாடு போய்விடு, நான் ஏற்பாடு செய்கிறேன் என்றேன். "எங்க போனாலும் படி இருக்கும்ல" என்றான். அவன் அப்படியெல்லாம் பேசுகிறவன் அல்ல. தூக்கமே இல்லை என்று முகத்தில் தெரிந்தது.

கிளம்பும்போது, "நீயும் கூட வாண்ணா. எதை முதல்ல சொல்லணும், எப்படிச் சொல்லணும்னு எனக்குத் தெரியாது" என்றான். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குக் கையைப் பிடித்துக்கொண்டு வந்த அதே குரல்.

"வரேன்" என்றேன். "கட்டடத்தை இடிச்சு முடிச்சதும் ரெண்டு பேரும் சேர்ந்தே போகலாம்."

அவன் முகம் தெளிந்துவிட்டது. இத்தனை நாள் சுமந்ததை என்னிடம் இறக்கி வைத்துவிட்டுப் போனான்.

மூன்றை இரண்டாக்க மேஸ்திரியைக் குறைக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் முதலில் யோசித்தேன். கூடப் பிறந்தவன் என்பதால் அவனுக்குச் சலுகை கொடுத்தே பார்த்தேன். ஆனால் மேஸ்திரி எந்தக் காலத்திலும் வாய் திறக்க மாட்டார். வாய் திறக்காதவரை எடுத்துவிட்டு, திறக்கப் போகிறவனை வைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை. அத்தானைப் பற்றி யோசிக்கவே முடியாது, அக்கா தாங்க மாட்டாள்.

யாரிடமும் சொல்லவில்லை. அது முக்கியம், மேடம். அத்தானிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் கூட்டுச் சதியாகியிருக்கும். நான் தனியாக யோசித்தேன், தனியாகச் செய்தேன்.

இடிக்கிற அன்றைக்குக் கட்டடத்துக்குள் கடைசியாகச் சுற்றி வருவது தம்பியின் வேலை. ஒவ்வொரு மாடியாக விசில் ஊதிக்கொண்டு போய், ஒருவரும் இல்லை என்று பார்த்துவிட்டு வெளியே வந்து சொன்ன பிறகுதான் மேஸ்திரி இயந்திரத்தைக் கிளப்புவார். அன்றும் பார்த்துவிட்டு வந்தான். வாசலில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். மேஸ்திரி கட்டடத்துக்கு அந்தப் பக்கம் இருந்தார், இவன் வெளியே வந்ததைப் பார்க்கவில்லை.

"வாத்தியார் வீட்டம்மா போன் பண்ணாங்க" என்றேன். "அவரோட மூக்குக்கண்ணாடியைப் பின்பக்கச் சமையலறை அலமாரியில விட்டுட்டாங்களாம்."

"என்னையா கேட்டாங்க?"

"உன்னைத்தான் கேட்டாங்க. அந்தத் தம்பி எடுத்துக் கொடுப்பார்னு சொன்னாங்க."

தண்ணீர் பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டு ஓடினான். நடக்கவில்லை, ஓடினான். வெகுநாளாக அவனை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை. அந்த விதத்தில் எனக்கு ஒரு ஆறுதல்.

நான் சுற்றிக்கொண்டு மேஸ்திரியிடம் போனேன். "தம்பிக்குத் தலைவலி. என் கார்ல படுத்திருக்கான். பார்த்துட்டானாம், யாரும் இல்லை. ஆரம்பிங்க" என்றேன்.

மேஸ்திரி வழக்கமாகத் தம்பியின் முகத்தைப் பார்க்காமல் தொடங்க மாட்டார். அன்றைக்கும் ஒரு நிமிஷம் தயங்கினார். ஆனால் சொல்வது கூடப் பிறந்த அண்ணன். அதை எப்படிச் சந்தேகப்படுவார்? சாவியைத் திருப்பினார்.

இயந்திரத்தின் கை மேலே எழும்போது என் போன் அடித்தது. தம்பிதான். அலமாரியில் கண்ணாடி இல்லையே என்று கேட்கக் கூப்பிட்டிருப்பான் என்று நினைக்கிறேன். நான் எடுக்கவில்லை. துண்டிக்கவும் இல்லை. துண்டித்தால் அவன் வெளியே வந்து பார்த்திருப்பான். அடித்துக்கொண்டிருந்தால் நான் எடுப்பேன் என்று அங்கேயே நிற்பான். அவனுக்குப் பொறுமை அதிகம். இயந்திரச் சத்தம் கேட்டாலும், தன் முகத்தைப் பார்க்காமல் மேஸ்திரி இடிக்க மாட்டார் என்ற நம்பிக்கையும் உண்டு. பின்சுவர் உள்ளே சாய்ந்ததும் மணி நின்றுவிட்டது.

பத்திரமாக இருக்கிறான் என்று நான் சொன்னவனின் செருப்பைச் சிமெண்ட் தூசிக்குள் மேஸ்திரிதான் முதலில் பார்த்தார். எத்தனையோ பேரின் கையை உடைத்த அந்த மனிதர், கல்லைக் கையாலேயே தோண்டினார். நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். நான் என்னைக் கவனித்துப் பார்த்தேன். ஆடவில்லை. சட்டையில் தூசி படிந்திருந்தது, தட்டிவிட்டேன்.

மறந்துபோய் மறுபடி உள்ளே போயிருப்பான், விபத்து என்றேன். கொஞ்ச நாள் எல்லோரும் நம்பினார்கள். பிறகு நீங்கள் போன் விவரம் எடுத்தீர்கள். மேஸ்திரி முதல்முறையாக வாய் திறந்தார். வாத்தியார் வீட்டம்மா, தான் யாருக்கும் போன் பண்ணவில்லை, அவர் கண்ணாடி எப்போதும் தன் கைப்பையில்தான் இருக்கிறது என்று எடுத்துக் காட்டினார். திறமையான விசாரணை. குறை சொல்ல ஒன்றுமில்லை.

அக்கா நேற்று என்னைப் பார்க்க வந்தாள். சாப்பிட்டியா என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை.

"அவன் போன் பண்ணானாமே" என்றாள்.

"ஆமாக்கா."

"அடிச்சுக்கிட்டே இருந்துச்சாமே."

"ஆமாக்கா. உனக்காகத்தான். வீடு போயிடும்."

"நான் வீடு கேட்டேனாடா உங்கிட்ட?"

அவளுக்குச் சட்டம் தெரியாது. வரையறையை அவளுக்கும் சொன்னேன், மூன்று பேர் என்று சொன்னேன், இப்போது இரண்டாகிவிட்டது, இனி வீட்டை யாரும் தொட முடியாது என்று சொன்னேன். கடைசிவரை கேட்டாள். போகும்போது, "உங்க ரெண்டு பேரையும் ஒரே தட்டுலதான் பிசைஞ்சு ஊட்டினேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். வீட்டுச் சாவியை உங்கள் ஆட்களிடம் கொடுத்துவிட்டாளாம். துக்கத்தில் செய்கிறாள், அதைச் செல்லாது என்று நான் வாதிடுவேன்.

ஆகவே கொலையை ஒப்புக்கொள்கிறேன். திட்டமிட்டேன், பொய் சொல்லி அனுப்பினேன், கூப்பிட்டபோது எடுக்கவில்லை. ஒரு ஆள், ஒரு குற்றம், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நீங்கள் அந்தப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, நோட்டீஸை எழுதியது யார், கைப்பிடியைக் கழற்றலாம் என்று சொன்னது யார், இத்தனை வருஷமும் அவர்களோடு ஒரே மேசையில் சாப்பிட்டது யார் என்று மறுபடி மறுபடி கேட்கிறீர்கள். தம்பி உயிரோடு இருந்தபோது நான்கு, இப்போதும் மூன்று என்கிறீர்கள். அப்படியென்றால் அவன் செத்ததற்கே அர்த்தமில்லாமல் போய்விடுமே, மேடம். நான் வக்கீல். கட்சிக்காரனோடு வக்கீலைச் சேர்த்து எண்ணுகிற வழக்கம் கிடையாது. நிதானமாக எண்ணுங்கள். அத்தான் ஒன்று, மேஸ்திரி இரண்டு. மூன்றாவது ஆள் இல்லை. அவனைத்தான் நான் கொன்றுவிட்டேனே.