பெயில் இல்லை, பரோல்

மத்திய சிறை இருக்கும் காலாப்பட்டுக்குப் போகும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரே தெருவைச் சேர்ந்த இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவளுக்குப் பெரிய குரல்.

“உன் வீட்டுக்காரரு பெயில்ல வந்துட்டாராமே? எங்கிட்ட சொல்லவேயில்ல பாத்தியா.”

“பெயில் இல்லக்கா, பரோலு,” என்றாள் இளையவள் மெதுவாக.

“ரெண்டும் ஜெயில வுட்டு வெளிய வர்றதுதானடி?”

“பெயிலுன்னா கேசு இன்னும் முடியலக்கா, விடுதலையே ஆவலாம். பரோலுன்னா தீர்ப்பு ஆயிடுச்சி. பத்து நாளு லீவு மாதிரிதான். இன்னிக்கி சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள திரும்ப உள்ள போயிடணும்.”

“தெருவே பெயிலுங்குதேடி!”

“நான்தான் அப்படிச் சொன்னேன். பரோலுன்னு சொன்னா, எப்பப் போறாரு, எப்பப் போறாருன்னு தெனம் கேப்பாங்க.”

முன் படிக்கட்டருகே துணிப்பையோடு நின்றிருந்த அவள் கணவர் திரும்பி, டிக்கெட் எடுத்துவிட்டாயா என்று சைகையில் கேட்டார். அவள் இரண்டு டிக்கெட்டையும் தூக்கிக் காட்டினாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“வரும்போது தனியாவா வருவ?” மூத்தவளின் குரல் இறங்கியிருந்தது.

“வந்த அன்னிக்கே அவருக்குன்னு வீட்டுச் சாவி ஒண்ணு புதுசா போட்டுக் குடுத்தேன்க்கா. இன்னிக்கி காலையில, நான் கேக்காமலே அத எங்கையில வெச்சிட்டாரு.”