குளத்தின் எல்லை கேட்ட மனு

கோயமுத்தூரிலிருந்து தாராபுரம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு மாமனும் மச்சினனும் உட்கார்ந்திருந்தார்கள். பல்லடம் தாண்டியதும் மாமன் சொன்னார்: "இனி நான் ஊருக்குள்ள வராம இருக்கறதுதான் நல்லது மாப்ளே."

"ஏனுங்க மாமா, என்ன பண்ணிப்போட்டீங்க?"

"கும்பாபிஷேக மலருக்கு ஊர் வரலாறு எழுதச் சொன்னாங்கல்ல? கோயில் முன்னால இருந்த கொளத்தப் பத்தி எழுதலாம்னு கலெக்டர் ஆபீஸ் ரிக்கார்டு ரூமுக்குப் போனேன். மனு குடுத்தாத்தான் பழைய வரைபடம் காட்டுவோம்னாங்க. கொளத்தோட எல்லை தெரியோணும்னு எழுதிக் குடுத்தேன்."

"செரி."

"படத்தக் காட்டிப்போட்டு, மனுவ ஆக்கிரமிப்புப் புகாருன்னு தாலுகா ஆபீசுக்கு அனுப்பிப்போட்டாங்க. திங்கக்கெழமை அளக்க வாராங்களாமா."

மச்சினன் தொடையைத் தட்டிச் சிரித்தான். "அளக்கட்டுமுங்க! கொளத்துல ஊடு கட்டுனவன் அத்தன பேரும் ஓடோணும்."

"சிரிக்காத. மனுவத் திருப்பிக் குடுங்கன்னு கெஞ்சுனேன். உங்க ஊரு நல்லதுக்குத்தானுங்கன்னு டீ வாங்கிக் குடுத்து அனுப்பறாங்க."

என் பட்டா மனு நாலு வருஷமாக அதே தாலுகா ஆபீசில்தான் கிடக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீங்க எதுக்குங்க மாமா பயப்படறீங்க? நம்மூடெல்லாம் கரை மேலதானுங்களே?"

மாமன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்ற ஊடு கரை மேலதான் இருக்குது. உன்ற ஊடு நடுக்கொளத்துல இருக்குது மாப்ளே."