பிள்ளை முழிச்சிருக்கான்

வெங்கடேஷ்: நிறுத்து, நிறுத்தும்மா. பேப்பர் சலசலங்குது. ரெண்டே வரி. அதுக்கு எதுக்குக் கையில தாளு?

அபிதா: பயமா இருக்குண்ணே. எதையாச்சும் பிடிச்சிருந்தாத்தான் நிக்க முடியுது.

வெங்கடேஷ்: பயம் கையில இருந்து என்ன புண்ணியம், குரல்ல வரணும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உக்காந்து நான் உன் கையவா பதிவு பண்ணுதேன்? தாளைக் கீழ வையி. மைக்குக்கு ஒரு சாண் தள்ளி நில்லு. ம், சொல்லு.

அபிதா: அடிக்காதிய... அய்யோ, அடிக்காதிய...

வெங்கடேஷ்: ம்ஹூம்.

அபிதா: என்ன ம்ஹூம்?

வெங்கடேஷ்: பஸ்ஸுல கால மிதிச்சவன்ட்ட சொல்லுத மாதிரி இருக்கு.

அபிதா: கேலி பண்ணாதிய. ஏற்கெனவே குரல் கரகரங்குது.

வெங்கடேஷ்: காலைல என்ன சாப்பிட்ட?

அபிதா: ...தயிர்சோறு.

வெங்கடேஷ்: கெட்டுது போ! ஞாயித்துக்கிழமை குரல் வகுப்புல தலபாடா அடிச்சுக்கிட்டேனே, குரல் கொடுக்க வாரவ தயிரத் தொடக் கூடாதுன்னு.

அபிதா: அம்மா விட்டாத்தானே. புளியங்குடி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தூக்குச்சட்டியத் தூக்கிட்டே வந்துட்டா. மக ரேடியோவுல பேசப் போறான்னு நெனச்சிட்டிருக்கா. செல்போன்ல கேக்க தொடர்னு சொன்னா அவளுக்கு விளங்கல.

வெங்கடேஷ்: விளங்காட்டிப் போகுது. தொடர்க் கம்பெனி சென்னைக்காரங்க உன் பதிவுக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் காத்திருப்பாங்க, அதச் சொல்லு அவட்ட. எத்தனையோ பொண்ணுங்க குரல் அனுப்பியிருக்கு. உன்னோடதத்தான் தனியா எடுத்து வச்சிருக்காங்க. மத்த வரியெல்லாம் சுமார்தான்னாரு டைரக்டர். புருசன் அடிக்கும்போது அவ அழுவாள்லா, அந்த ஒரு இடம்... 'யாருங்க இந்தப் பொண்ணு, எங்க பிடிச்சீங்க'ன்னு போன்ல கேக்காரு.

அபிதா: அதையே வச்சுக்கிட மாட்டாங்களா? அந்த மொபைல்ல எடுத்ததையே?

வெங்கடேஷ்: அது மாதிரிக்கு அனுப்புனது. தொடர்ல வைக்க முடியுமா? அதே அழுகைய இந்த மைக்குல ஒரு தடவ குடுத்துட்டேன்னா வேசம் உனக்கு. அவ்வளவுதான் சோலி.

அபிதா: குடுக்காட்டி?

வெங்கடேஷ்: குடுக்காட்டி இன்னொருத்தி.

அபிதா: அப்பா வைகாசில முடிச்சிருவாருண்ணே. கரிவலம்வந்தநல்லூர் மாப்பிள்ளை. 'சென்னைக்காரன் எடுத்துட்டான்னா ஒரு வருசம் நிறுத்தி வைக்கேன், இல்லேன்னா வாயப் பொத்திக்கிட்டுக் கழுத்த நீட்டு'ன்னுட்டாரு.

வெங்கடேஷ்: அந்த வயித்தெரிச்சலச் சேத்துச் சொல்லு. இப்பம் சொல்லு.

அபிதா: அடிக்காதிய! சத்தம் போடாதிய... அய்யோ!

வெங்கடேஷ்: இது கோவம். அதுல கோவமே கிடையாது.

அபிதா: இன்னொரு தடவ...

வெங்கடேஷ்: வேண்டாம், தொண்டை போயிரும். நீ அனுப்புனதையே ஸ்பீக்கர்ல போடுதேன். கேளு. உன் குரலுதானே, கேட்டா உனக்கே பிடிபடும்.

அபிதா: போடாண்டாம்ண்ணே.

வெங்கடேஷ்: ஏன்?

அபிதா: இல்ல... வெளிய ஆளு இருக்கே. கேட்டிராது?

வெங்கடேஷ்: கேட்டா என்ன? ஊரே கேக்கணும்னுதானே வந்திருக்க?

பதிவுக் குரல்: ...அடிக்காதிய... அய்யோ... சத்தம் போடாதிய, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்... பிள்ள...

அப்துல் ஜப்பார்: ஏ வெங்கடேசு! கதவத் தொற! யா அல்லா, யாரப்பா உள்ள? யாரப் போட்டு அடிக்க?

வெங்கடேஷ்: பாய், பாய்... மெதுவா. கதவு கையோட வந்துரும்.

அப்துல் ஜப்பார்: பொம்பளப் பிள்ள கத்துதே! எங்க அவ?

வெங்கடேஷ்: யாரையும் அடிக்கல பாய். பதிவு. நடிப்பு. இந்தா, இந்தப் பிள்ளதான். அபிதா, இவுக ஜப்பார் பாய். செருப்புக்கடை திறக்காக, ஆட்டோவுல போட விளம்பரம் பேச வந்திருக்காக.

அபிதா: வணக்கம்ங்க.

அப்துல் ஜப்பார்: இந்தப் பிள்ளையா? இது பேச்சே வேறல்லா இருக்கு.

வெங்கடேஷ்: நடிக்கும்போது மாறும் பாய்.

அப்துல் ஜப்பார்: நடிப்பு... செருப்புக்கடைக்காரன் வெறுங்காலோட ஓடி வந்திருக்கேன், பாரு. சினிமாவுல எத்தனை அழுகை கேட்டிருக்கேன், ஒரு நாளாவது எந்திரிச்சு ஓடினேனா? இது காதுல விழுந்ததும் காலு தானா வருது வே.

வெங்கடேஷ்: அவ்வளவு நல்லா நடிச்சிருக்கா.

அப்துல் ஜப்பார்: என்னமோ போ. ஏம்மா, தண்ணி குடி. மொகமே வெளுத்துக் கெடக்கு. நான் வெளிய இருக்கேன் வெங்கடேசு. இனிமே அதப் போடுததுன்னா மொதல்ல சொல்லிட்டுப் போடு, என்னா?

வெங்கடேஷ்: சரி பாய். ...ஆமா, தண்ணி குடி.

அபிதா: வேண்டாம்.

வெங்கடேஷ்: கேட்டியா? அந்த மனுசனே ஓடி வாராரு. அதத்தான் கேக்கேன் உன்ட்ட. நாள் பூரா சொன்னதுல ஒரு தடவயாவது அது வந்துச்சா?

அபிதா: அன்னைக்கு மனசு அப்படி இருந்துச்சு. இன்னைக்கு வரல.

வெங்கடேஷ்: சரி, வேற வழியாப் போவோம். 'அடிக்காதிய'வ விடு. கடைசியில பிள்ளையப் பத்தி ஒண்ணு வருதுல்லா? அது எழுதிக் குடுத்ததுல இல்ல. நீயாச் சேத்தது. டைரக்டர் அதுலதான் விழுந்துட்டாரு. அதுல இருந்து ஆரம்பி.

அபிதா: அதுலருந்தா?

வெங்கடேஷ்: நீயா யோசிச்சுச் சொன்னதுதானே. அது லேசா வரும்.

அபிதா: ...பிள்ள முழிச்சிருவான்.

வெங்கடேஷ்: திரும்பச் சொல்லு.

அபிதா: சத்தம் போடாதிய, பிள்ள முழிச்சிருவான்.

வெங்கடேஷ்: இன்னொரு தடவ.

அபிதா: பிள்ள முழிச்சிருவான். ஏன்ண்ணே, என்ன அப்படிப் பாக்கிய?

வெங்கடேஷ்: ஸ்பீக்கர் வேண்டாம். இந்த ஹெட்போன மாட்டு. மாட்டுன்னா மாட்டு. இப்பம் கேளு.

பதிவுக் குரல்: ...பிள்ள முழிச்சிருக்கான்... பிள்ள முழிச்சிருக்கான்...

வெங்கடேஷ்: என்ன சொல்லுதா? சொல்லு அபிதா. என்ன கேட்டுச்சு?

அபிதா: முழிச்சிருக்கான்.

வெங்கடேஷ்: முழிச்சிருவான்னா தூங்குத பிள்ள. முழிச்சிருக்கான்னா?

அபிதா: அய்யோ... பாத்துக்கிட்டு இருந்திருக்கானா? நான் அப்படிக் கேக்கலையே!

வெங்கடேஷ்: கேக்கலையா?

அபிதா: அது... இல்லண்ணே...

வெங்கடேஷ்: சொன்னவ நீயில்லா? சொன்னவ எதுக்குக் கேக்கணும்? அழாத. அழுகை வேணும்னு கேட்டப்பம் வரல, இப்பம் வருதா? யாரு குரல் அது?

அபிதா: நீங்கதானே சொன்னிய.

வெங்கடேஷ்: நான் என்ன சொன்னேன்?

அபிதா: மொத வகுப்புலயே சொன்னிய. சுத்தி இருக்க சனத்தக் கவனி, எப்படிச் சிரிக்காங்க, எப்படி அழுவுதாங்க, போன்ல பிடிச்சு வச்சுக் கேளு, கேட்டுக் கேட்டுப் பழகுன்னு. அதத்தான் செஞ்சேன். மொதல்ல பழகுததுக்குத்தான் எடுத்தேன், சத்தியமா.

வெங்கடேஷ்: காய்கறிக்காரி கூவுததப் பிடின்னேன். கோயில் வாசல்ல பூ விக்கவளப் பிடின்னேன்.

அபிதா: எங்க வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒரே சுவரு. கேக்கும். போர்வைய மூடிக்கிட்டு நானும் அதே மாதிரி சொல்லிச் சொல்லிப் பாத்தேன். வரல. கடைசி நாளாயிட்டு. அந்த இடத்துல மட்டும் அத வெட்டி வச்சு அனுப்பிட்டேன். அழுகைதானே, யாருக்குத் தெரியப் போகுதுன்னு...

வெங்கடேஷ்: சுவரு வழியா எடுத்தது இவ்வளவு துல்லியமா இருக்காது. எனக்கு வேற தொழில் தெரியாது அபிதா. இது தெரியும். எங்க நின்னு எடுத்த?

அபிதா: மாடியில இருந்து. அவுக சன்னல் தொறந்திருக்கும். மொத நாளு சுவருல வச்சுத்தான் எடுத்தேன். எங்க வீட்டு மிக்சி சத்தமும் விழுந்து ஒண்ணுமே தெளிவா இல்ல. அதனால மறுபடி...

வெங்கடேஷ்: மறுபடி?

அபிதா: மாடிக்குப் போயிக் காத்துக்கிட்டு இருந்தேன்.

வெங்கடேஷ்: எதுக்குக் காத்துக்கிட்டு இருந்த?

அபிதா: அண்ணே...

வெங்கடேஷ்: வாய்விட்டுச் சொல்லு. அவன் மறுபடி அடிக்கதுக்கா?

அபிதா: ஆமா. சொல்லும்போதுதான் எனக்கே கேக்குது. அன்னைக்கு அப்படித் தோணவே இல்லண்ணே. போன் சரியா எடுக்குதா, சார்ஜ் இருக்கான்னுதான் பாத்துக்கிட்டு நின்னேன்.

வெங்கடேஷ்: அந்த வீட்டுல ஒரு பையன் இருப்பான்.

அபிதா: இருக்கான்.

வெங்கடேஷ்: லிங்கேஷு.

அபிதா: உங்களுக்கு எப்படி...

வெங்கடேஷ்: பால்வாடிக்குப் போறான். சட்டையோட மேல் பொத்தான வாயில வச்சுக் கடிச்சுக்கிட்டே இருப்பான்.

அபிதா: அண்ணே, நீங்க யாரு?

வெங்கடேஷ்: கோமதித்தாய் எங்கக்கா.

அபிதா: அந்தக்காவுக்குத் தம்பி உண்டுன்னே எனக்குத் தெரியாதே. ஒரு நாளும் நீங்க அங்கன வந்து பாத்ததில்லையே.

வெங்கடேஷ்: வர விட மாட்டா. 'நீ எதுக்குடா கடையப் பூட்டிட்டு வார? ஆடித்தபசுத் திருவிழாவுக்கு நானே வாரேன்'ம்பா. வருவா. முழுக்கை ரவிக்கை போட்டுக்கிட்டு வருவா. கேட்டா இப்பம் அதுதான் ஸ்டைலும்பா.

அபிதா: எனக்கு மருதாணி வச்சு விட்டிருக்காகண்ணே அந்தக்கா. நான் குரல் கொடுக்கப் போறேன்னதும் மொதல்ல சந்தோசப்பட்டது அவுகதான்.

வெங்கடேஷ்: ஒரு தடவ அந்தக் கதவத் தட்டியிருக்கலாம்லா?

அபிதா: தட்டியிருக்கணும்.

வெங்கடேஷ்: சும்மா, காப்பித்தூள் இருக்கான்னு கேட்டுத் தட்டியிருந்தாக்கூட அவன் கைய இறக்கியிருப்பான்.

அபிதா: திட்டுங்க. என்ன வேணும்னாலும் சொல்லுங்க. ஆனா இங்கன உக்காந்து சொல்லாதிய. வண்டிய எடுங்க, போவோம். அக்கா வீட்டுக்காரரு லோடு இறக்கிட்டு இருட்டுததுக்கு முந்தி வந்துருவாரு. அதுக்குள்ள அக்காவையும் பையனையும் இங்க கூட்டிட்டு வந்துருவோம். நான் வந்து கேட்டதச் சொல்லுதேன். போலீஸ் ஸ்டேஷனா இருந்தாலும் சொல்லுதேன்.

வெங்கடேஷ்: உன் வேசம்?

அபிதா: தீயில போடுங்க அத. வைகாசில அப்பா யாருக்குக் கட்டி வைக்காரோ வைக்கட்டும். சென்னைக்குப் போன் போட்டு நானே சொல்லிருதேன், என் குரல் இல்லன்னு.

வெங்கடேஷ்: ம்.

அபிதா: எந்திரிங்கண்ணே. சாவி அந்தா மேசையிலதானே கெடக்கு?

வெங்கடேஷ்: போவோம். ஒரு நிமிசம்.

அபிதா: என்ன ஒரு நிமிசம்? ...அண்ணே, ஒண்ணு கேக்கட்டா?

வெங்கடேஷ்: என்ன?

அபிதா: நான் அனுப்புனதுல அக்கா சொன்னதுக்கு அப்புறம் பையன் அழுத சத்தம் இருக்கும். அத எடுக்கத் தெரியாம அப்படியேதான் அனுப்புனேன். இப்பம் ஹெட்போன்ல அது இல்லையே.

வெங்கடேஷ்: ...வெட்டிட்டேன்.

அபிதா: எப்பம்?

வெங்கடேஷ்: சென்னைக்கு அனுப்புததுக்கு முந்தி.

அபிதா: ஏன்?

வெங்கடேஷ்: பின்னால பிள்ள சத்தம் கேட்டா, இது நடிச்சுப் பேசுனது இல்லன்னு கண்டுபிடிச்சிருவாங்க. இந்த ஊருலருந்து அந்தக் கம்பெனிக்கு ஒரு குரல் போனா அடுத்த தொடரு பூரா இந்த ஸ்டுடியோவுக்கு வரும்.

அபிதா: அப்பம்... வெட்டும்போது திரும்பத் திரும்பக் கேட்டிருப்பியளே. அதே அக்கா. அதே லிங்கேஷு. எப்பம் தெரியும்ண்ணே உங்களுக்கு?

வெங்கடேஷ்: மொதத் தடவ கேக்கும்போதே தெரியும். இன்னைக்கு நீ ஒரே ஒரு தடவ அதே மாதிரி சொல்லிட்டேன்னா, அது எங்கக்கா இல்ல, நீதான்னு நம்பிட்டு வீட்டுக்குப் போயிச் சாப்பிட்டுப் படுத்திரலாம்னுதாம்மா, காலையில இருந்து உன்ன அதையே சொல்லச் சொல்லிக் கேட்டுக்கிட்டு இருந்தேன்.