ரவைக்கு வந்த தட்டுப்பாடு

பகேரியாவிலையிருந்து பலெர்மோ போற பஸ்ஸில் எனக்கு முன்சீற்றிலை எங்கடை ஊர்ப் பொம்பிளைப் பிள்ளையள் ரெண்டு பேர் இருந்தினம். வீட்டு வேலைக்குப் போறவை. ஒருத்தி சொன்னாள்:

"நான் வேலை செய்யிற வீட்டுச் சிஞ்ஞோர் காலமை சாப்பிடேல்லை. துவக்குக்கு ரவை கிடைக்கேல்லையாம்."

"ஆரைச் சுடப்போறாராம்?"

"குறிபாத்துச் சுடுற கடதாசி மட்டையைத்தானடி. இஞ்சத்தை ஆமி கழிச்சு விக்கிற பழைய ரவைதான் அவருக்கு விளையாட்டு. முந்தி மலிவாம். இப்ப ஆமியே அதுகளை உருக்கி அழிக்குதாம். மிச்சத்தைச் சண்டை நடக்கிற நாடுகள் அள்ளிக்கொண்டு போகுதாம். அதாலை யானை விலையாம்."

"பின்னை, எங்கடை ஊருக்குத்தான் போகுது."

"அதைத்தான் அவரும் சொல்லுறார். 'உங்கடை நாட்டிலை நிறையக் கிடக்குமே, வீட்டுக்கு எழுதிக் கேளன்' எண்டு."

மற்றவள் சிரிச்சாள். "நீ என்ன சொன்னனி?"

"ஓம் எண்டன். வேலை வேணுமே."

"அப்ப எழுதப்போறியோ?"

"ஆருக்கடி எழுதுறது? ஹெலிகொப்டராலை சுட்ட ரவையளின்ரை வெறுங்கோதுகளை முற்றத்திலை கூட்டி அள்ளினனெண்டு அம்மா போன மாரிகாலம் எழுதினவ. பிறகு நான் போட்ட கடிதம் ஒண்டுக்கும் மறுமொழி இல்லை."