மொங்கியின் புகை ஏன் மெலிந்தது?

கூட்டத்துக்குத் தலைமை ஏற்று, என்னைப் போன்ற ஒருத்தியின் முன்னால் ஒலிபெருக்கியை வைக்கத் துணிந்த குளியாளிகள் சங்கத் தலைவர் துஹாமி அவர்களே, கடலின் அடியில் கண் திறந்து பார்த்த பெரியவர்களே, கரையில் நின்று கண் மூடாமல் காத்திருந்த தாய்மார்களே, படகுக்காரர்களே, வலைக்காரர்களே, பின்வரிசையில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டே 'இவள் என்ன பேசிவிடப் போகிறாள்' என்று பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிமார்களே, உங்கள் எல்லோர் மேலும் அமைதி இறங்கட்டும்.

நான் மேடைக்காரி அல்ல. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். நம் ஜர்சீஸில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் கோதுமை ரவையைக் குஸ்குஸாக அவிக்க வருகிறவள் இந்த ஸல்ஹா. என் மேடை அடுப்படி. என் மாலை அதன் ஆவி. ஆனால் இன்று ஒரு கேள்வியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். அதை இறக்கி வைக்காமல் எனக்குத் தூக்கம் இல்லை.

கேள்வி இதுதான். ஒரே வேப், அந்த மின்சிகரெட். ஒரே சீசாவில் ஊற்றிய ஒரே திரவம். ஒருவன் இழுத்து விட்டால் மலைமேல் மஞ்சு இறங்கியதுபோல் வருகிறது. இன்னொருவன் இழுத்து விட்டால் ஊசியில் கோத்த நூல்போல் வருகிறது. ஏன்? கருவி மாறவில்லையே, ஏன்? திரவம் மாறவில்லையே, ஏன்?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இந்தச் சின்னக் கேள்விக்கு விடை தெரியாததால் நம் ஊரில் ஒருவன் கொலைகாரன் ஆனான்.

என் கணவர் மொங்கியை உங்களுக்குத் தெரியும். போன இலையுதிர் காலத்தில் கடற்பஞ்சு எடுக்க இறங்கினார். மேலே வந்தார், படகின் விளிம்பைப் பிடித்தார், பிடித்த கை பிடித்தபடியே இருந்தது, ஆள் இல்லை. இதயம் நின்றுவிட்டது என்றார் மருத்துவர். ஏன் நின்றது என்று கேட்டோம். அவர் கையை விரித்தார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன மனிதர்; அவருக்கு என் நன்றி.

ஆனால் சாவு வீட்டுக்கு விரித்த கை பிடிக்காது. அதற்கு நீட்டிய விரல் வேண்டும். என் கொழுந்தன் ஹபீப், படகு இயந்திரம் பழுது பார்ப்பவன், இதோ முன்வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறானே, அவன்தான் விரலை நீட்டினான்.

"அண்ணி, அண்ணன் விட்ட புகைய நீங்களே பாத்திருக்கீங்கல்ல? ஒரு கொசுகூட ஓடாது. நல்ல சரக்குன்னா மேகம் மாதிரி வரணும். அந்த வேப் கடை நெஜிப் எதையோ கலந்து குடுத்திருக்கான். அதுதான் எங்கண்ணன் நெஞ்ச நிறுத்திருச்சு."

அண்ணனை இழந்தவன் பேச்சு அது. ஆனால் பேச்சுக்குக் கால் முளைத்தது. காப்பிக் கடையில் நெஜிப் உட்கார்ந்த மேசையிலிருந்து நாற்காலிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. அவன் கடைக் கதவு பாதி இறங்கியது, பிறகு முழுதாக இறங்கியது. மூட்டை கட்டிக்கொண்டு ஸ்பாக்ஸில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகப் போகிறான் என்று கேள்விப்பட்டேன்.

மொங்கியின் புகை மெலிந்தது உண்மை. நான் மறுக்கவில்லை. ஆனால் மெலிந்தது எதனால்? அதைக் கேட்டவர் உண்டா? உப்புக் குறைந்தால் உப்பு விற்றவனையா அடிப்போம்? எத்தனை உப்புப் போட்டாய் என்று சமைத்தவளை முதலில் கேட்க வேண்டாமா?

அதனால் நான் கேட்கப் போனேன். மொங்கியின் வேப்பையும் அவர் மிச்சம் வைத்துப்போன பாதிச் சீசாவையும் எடுத்துக்கொண்டு நெஜிப் கடைக் கதவைத் தட்டினேன்.

"அக்கா, நீங்களும் என்னைத் திட்டத்தான் வந்தீங்களா?"

"திட்டணும்னா தெருவுல நின்னே திட்டியிருப்பேன். அவர் புகை ஏன் இத்தனூண்டு? அத மட்டும் சொல்லு."

"தெரியலக்கா. அவருக்குக் குடுத்த அதே சரக்கத்தான் மத்தவனுக்கும் குடுத்தேன். அவன் இழுத்து விட்டா கடைக்குள்ள எனக்கு என் கையே தெரியாது."

அவன் அந்தக் கருவியைக் கழற்றிக் காட்டினான். உள்ளே சுருட்டிய கம்பி, கம்பிக்குள் பஞ்சு, பஞ்சில் திரவம். கம்பி சுட்டால் திரவம் ஆவியாகிறது. நாம்தான் புகை புகை என்கிறோம். சூடு ஏறினால் ஆவி ஏறும். காற்றுத் துளையைத் திறந்துவிட்டால் ஆவி பெருகும், மூடினால் சுருங்கும். திரவத்தில் தேன்போல் கெட்டியான பங்கு ஒன்று, தண்ணீர்போல் இளகிய பங்கு ஒன்று. கெட்டி கூடினால் மேகம் கூடும். இதெல்லாம் எனக்குப் புதிதா? பானைக்கும் மேல்தட்டுக்கும் நடுவில் மாவு தோய்த்த துணியைச் சுற்றாமல் குஸ்குஸ் அவித்துப் பாருங்கள். ஆவி எங்கே போகிறது என்று உங்கள் மாமியார் சொல்வாள்.

யார் அங்கே கையைத் தூக்குவது? "ஷெஹீலிக் காத்த விட்டுட்டியே அக்கா" என்கிறாயா? விடவில்லை தம்பி. பாலைவனத்திலிருந்து ஷெஹீலி வீசும் நாளில் ஆவி வாயை விட்டு வந்ததும் வறண்டு மறைந்துவிடும். கடற்காற்று ஈரமாக வீசும் நாளில் அதே ஆவி போகமாட்டேன் என்று தோளில் உட்கார்ந்திருக்கும். உண்மைதான். ஆனால் மொங்கி வீட்டுக்குள்ளும் இழுத்தார், சன்னல் சாத்திய அறையில், என் பக்கத்தில். அங்கேயும் நூல்தான்.

நெஜிப் பார்த்தவரை கம்பியும் துளையும் சரிதான்; கருவி காரணம் இல்லை. காற்றும் காரணம் இல்லை. மிச்சம் என்ன? மனிதர். அப்போதுதான் ஹபீபைக் கூப்பிட்டு அனுப்பினேன்.

வாசலிலேயே நின்றுகொண்டான். "அவன் கடைப் படியை நான் ஏறமாட்டேன் அண்ணி."

"ஏறாத. வாசல்லயே நில்லு. வாய மட்டும் குடு."

அண்ணனின் வேப், அண்ணனின் திரவம், துளையை அண்ணன் வைத்த இடத்திலேயே வைத்துக் கொடுத்தேன். ஹபீப் இழுத்தான், விட்டான். தெருவில் போன கழுதை நின்று பார்த்தது. எதிர்க்கடைக்காரர் எதுவோ தீப்பிடித்துவிட்டது என்று எழுந்து வந்தார். நான் சொன்னேன், "கலப்படம் நல்லா வேலை செய்யுது தம்பி."

அவன் கையால் வாயைப் பொத்திக்கொண்டான். திறந்தால் இன்னும் கொஞ்சம் வந்திருக்கும்.

பிறகு நான் ஆள் விட்டு அழைத்திருந்த ஷெத்லி வந்தான். மொங்கியோடு ஒரே படகில் போய், ஒரே கயிற்றில் இறங்கியவன். அவனும் அதே வேப்பை வாங்கினான், இழுத்தான். கண்ணை மூடினான். நாங்கள் காத்திருந்தோம். நெஜிப் என்னைப் பார்த்தான், நான் ஹபீபைப் பார்த்தேன். எதிர்க்கடைக்காரர் சலித்துப்போய் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் ஷெத்லி மெல்ல மூச்சை விட்டான்.

நூல். அதே நூல். என் வீட்டு அறையில் நான் பார்த்துக்கொண்டிருந்த அதே மெல்லிய நூல்.

"விளையாடாதடா, ஒழுங்கா இழு" என்றான் ஹபீப்.

"ஒழுங்காத்தான் இழுத்தேன். நெஞ்சு நெறைய."

"அப்போ எங்க போச்சு?"

"எனக்கென்ன தெரியும்? உள்ள போனதும் தன்னால ஒரு பூட்டு விழுந்துருது. என்னைக் கேட்டா விழுது?"

"ஷெத்லி, இப்போ இழுத்த உடனே விடு. புடிச்சு வைக்காத" என்றேன். முயன்றான், தோள் ஏறிக்கொண்டது, தாடை இறுகியது, மூச்சு நின்றுவிட்டது. மறுபடி முயன்றான், மறுபடி பூட்டு. அடுத்த முறை அவன் இழுத்ததும் அவன் முதுகில், ரொட்டி மாவை அடிப்பதுபோல், ஓர் அடி வைத்தேன். பொத்தென்று வந்தது பாருங்கள் மேகம். ஹபீப் விட்டதைவிடப் பெரிது. ஷெத்லியே பயந்து பின்னால் நகர்ந்தான். நெஜிப் சிரித்தான், அந்த வருடத்தில் அவன் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

ஹபீப் சிரிக்கவில்லை. மெல்லப் படியேறி, கடைக்குள் வந்து நின்றான்.

குளியாளிகளே, உங்களைத்தான் கேட்கிறேன். மேலே இழுத்த மூச்சைக் கடலுக்குள் இறங்கியதும் விடுகிறவன் உங்களில் உண்டா? விட்டவன் பஞ்சோடு மேலே வந்தது உண்டா? நெஞ்சைப் பூட்டுவது உங்களுக்குத் தொழில். கரைக்கு வந்தாலும் அந்தப் பூட்டு கழலுவதில்லை. ஆவி உள்ளே நிற்க நிற்க, ஹம்மாம் நீராவிக் குளியலறைச் சுவரில் நீர் கோப்பதுபோல் உள்ளேயே படிந்துவிடுகிறது. மிச்சம்தான் வெளியே வருகிறது. மொங்கி இழுக்கும்போது நான் ஏதாவது கேட்பேன். அவர் ஒரு விரலைத் தூக்குவார், பொறு என்று. பொறுப்பேன். அவர் வாய் திறக்கும்போது பதில் வரும், புகை வராது. இவ்வளவு நாள் அந்த விரலைப் பார்த்திருந்தேன், அந்த விரல் எதைச் சொல்கிறது என்று பார்க்கவில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த வேப்பை நான் பால் என்று சொல்ல வரவில்லை. அது மொங்கியின் நெஞ்சை என்ன செய்தது, செய்யவில்லை என்று மருத்துவருக்கே தெரியாதபோது ஸல்ஹாவுக்கு எப்படித் தெரியும்? ஆனால் 'என் புகை சின்னதுதானே, நான் கொஞ்சம்தானே இழுக்கிறேன்' என்று சொல்லும் தம்பிமார்களே, ஷெத்லியின் நூலை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே வராதது இல்லாமல் போனதா? உள்ளே நின்றது எவ்வளவு என்று யார் கண்டது?

தாய்மார்களே, இதை உங்களுக்கும் சொல்கிறேன். மொங்கியைத் தூக்கிக்கொண்டு போன அன்று நீங்கள் மார்பில் அடித்து அழுதீர்கள். அந்த அழுகை எனக்குத் துணையாக இருந்தது. என் கண் வறண்டிருந்தது. 'கல் மாதிரி உக்காந்திருக்கா பாரு' என்று உங்களில் ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. கோபம் இல்லை. நான் குளியாளியின் மனைவி. அவரோடு இருந்து இருந்து அந்தப் பூட்டு எனக்கும் வந்துவிட்டது. அவ்வளவுதான்.

அவைத் தலைவர் அவர்களே, என் கேள்வியை இறக்கி வைத்துவிட்டேன். ஒரு வேலை மட்டும் மிச்சம் இருக்கிறது.

கதவருகில் தூணுக்குப் பின்னால் நெஜிப் நிற்கிறான். உள்ளே வந்ததிலிருந்து அவனை யாரும் உட்காரச் சொல்லவில்லை. ஹபீப், எழுந்திரு. நீ நீட்டிய விரல் அது; நீயே போய் அவன் கையைப் பிடித்துக் கூட்டி வா. வழி விடுங்கள் தம்பிமார்களே. விதைத் தோலை மிதித்துக்கொண்டு வரட்டும், பரவாயில்லை.

இடம் தேடாதே நெஜிப். முன்வரிசையில் சங்கத்தார் மொங்கிக்கென்று ஒரு நாற்காலியைக் காலியாக விட்டிருக்கிறார்கள். அதில் உட்கார்.

ம். உட்கார்ந்துவிட்டான்.

நாளைக் காலையில் அந்தக் கடைக் கதவு ஏறும் சத்தம் என் அடுப்படிக்குக் கேட்க வேண்டும். கேட்டால் கூட்டத்துக்கு வந்த எல்லோருக்கும் மீன் குஸ்குஸ் என் கையால். பேச இடம் தந்த தலைவருக்கும், பொறுத்துக் கேட்ட பெரியவர்களுக்கும், என் வறண்ட கண்ணைப் பொறுத்துக்கொண்ட தாய்மார்களுக்கும் நன்றி. கடலுக்குப் போகிறவர்கள் மூச்சோடு திரும்புங்கள். கரையேறியதும் அதை விட்டுவிடுங்கள். போய் வருகிறேன்.