பச்சைக் கிண்ணத்துக்கு ஜோடி

உங்கள் தேநீர்க் கோப்பையின் விளிம்பில் ஒரு சின்ன உடைசல் இருக்கிறது, மேடம். கைப்பிடிக்கு நேர் எதிரில். அந்தப் பக்கம் வாய் வைத்துக் குடிக்காதீர்கள், உதட்டைக் கீறிவிடும். நான் வந்து உட்கார்ந்ததும் அதைத்தான் பார்த்தேன். பழக்கம், விடமாட்டேன் என்கிறது.

தொழில் மூக்குக்கண்ணாடிக் கடை. "இது தெளிவா தெரியுதா, அது தெளிவா தெரியுதா" என்று நாள் முழுக்க அடுத்தவர் கண்ணைக் கேட்டுக்கொண்டிருப்பேன். என் கண்ணுக்கென்று நான் வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான், பழைய சீனத்து மெருகுப் பாத்திரங்கள். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. ஒரு மனுஷனுக்கு ஒரே ஒரு ஆசைகூட இருக்கக் கூடாது என்றால் எப்படி?

நீங்கள் கேட்டது கிண்ணத்தைப் பற்றி. சொல்கிறேன். என் மாமனார் கப்பலில் இயந்திர அறையில் வேலை பார்த்தவர். ஏதோ ஒரு துறைமுகத்துப் பழைய சாமான் கடையில் இரண்டு கிண்ணங்கள் வாங்கிவந்திருக்கிறார். உள்ளங்கை அளவு, நீள்வட்டம், இருபுறமும் காது மாதிரித் தட்டையான கைப்பிடி. சுட்ட மண்ணின் மேல் பச்சை மெருகு. இரண்டாயிரம் வருஷம் மண்ணுக்குள் கிடந்ததில் மெருகின் மேல் வெள்ளியாய் ஒரு மினுமினுப்பு ஏறியிருக்கும், மீன் செதில் மாதிரி. செய்து வாங்க முடியாத மினுமினுப்பு அது. உயிரோடு இருப்பவர்கள் குடிப்பதற்காக அவற்றைச் செய்யவில்லை. செத்தவரோடு கூட வைத்துப் புதைப்பதற்கென்றே செய்தார்கள்.

அப்படிப்பட்ட ஜோடியை மாமனார் என்ன செய்தார் தெரியுமா? பிள்ளைகளுக்குள் சண்டை வரக் கூடாது என்று மகளுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினார். செருப்பைப் பங்கு போடுகிறவன்கூட ஆளுக்கு ஒரு கால் என்று பிரிக்கமாட்டான். மகளுக்கு வந்தது என் அலமாரிக்கு வந்தது. மகனுக்குப் போனது என் மைத்துனன் வீட்டில் கார் சாவி போடும் கிண்ணமாயிற்று.

அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்தினான். கீழே பள்ளி, மேலே அவன் குடியிருப்பு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எந்நேரமும் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார்கள். வாசலில் நின்றபடியே சாவியை எறிவான். அது கிண்ணத்தில் போய் 'ணங்'கென்று விழும். "கோல்" என்பான். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் என் பல் கூசும். மெருகில் புதிதாக ஒரு கீறல் விழுந்திருக்கும். குரங்கு கையில் பூமாலை என்று படித்திருக்கிறோம். வருஷக்கணக்காக உட்கார்ந்து அதை வேடிக்கை பார்த்தவன் நான் ஒருவன்தான்.

கேட்காமல் இருந்தேனா? விலைக்குக் கேட்டேன். மாற்றுக்குக் கேட்டேன். அவன் அக்காவை விட்டுக் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் நாலு பேர் நடுவில் ஒரே பதில்தான். "அத்தான், உங்க வீட்டுக் கிண்ணம் பொண்ணு, எங்க வீட்டுக் கிண்ணம் மாப்பிள்ளை. நாங்க அவனை வீட்டோட மாப்பிள்ளையா அனுப்ப மாட்டோம். வேணும்னா பொண்ணை இங்க அனுப்பி வைங்க." எல்லோரும் சிரிப்பார்கள். என் மனைவியும் சிரிப்பாள். முதல் தடவை நானும் சிரித்தேன், மரியாதைக்கு.

அவனுக்கு அது பிடித்திருந்தது என்றால் நான் விட்டிருப்பேன், மேடம். இன்னொருவன் ஆசை எனக்குப் புரியும். அவனுக்கு வேண்டாம். வேண்டாததை வைத்துக்கொண்டு, வேண்டும் என்கிறவனை அலையவிட்டான். வைக்கோற்போர் நாய்க்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம் சொல்லுங்கள்.

அந்தச் சமயத்தில்தான் அருங்காட்சியகத்துப் பொறுப்பாளர் அம்மா என் கிண்ணத்தைப் பார்க்க வந்தார். கையுறை போட்டு எடுத்தார், திருப்பி அடிப்பக்கம் பார்த்தார். அதிலேயே தெரிந்துவிட்டது, விஷயம் தெரிந்தவர் என்று. "ஜோடியா இருந்தா சொல்லுங்க சார், முன்கூடத்துல தனிப் பெட்டியே தரேன். உங்க பேரும் போடுவோம். ஒத்தைன்னா மத்ததோட சேத்து அலமாரியிலதான் வைக்க முடியும்" என்றார். என் வாழ்நாளில் யாரும் என் பெயரை எங்கும் போட்டதில்லை, கடைப் பலகையைத் தவிர. அதுவும் என் அப்பா பெயர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் வீட்டுக்குப் போனேன், கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம் என்று. அவனுக்குத் தொப்பை போட்டிருந்தது. "ஸ்டியரிங்குக்கும் எனக்கும் நடுவுல காத்துகூடப் போக மாட்டேங்குது அத்தான். எலுமிச்சைச் சாறு குடிச்சா கரையுமாம்" என்றான். தம்ளர் எல்லாம் கழுவாமல் தொட்டியில் கிடந்தன. சாவிகளைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, என் கிண்ணத்தை அலசி, அதில் பழத்தைப் பிழிந்தான்.

அந்தப் பச்சை பளபளப்பது காரீயத்தால். புளிப்புப் பட்டால் காரீயம் கரைந்து சாற்றில் இறங்கும், குடிப்பவனுக்கு அது விஷம். இந்தப் பாத்திரங்களைச் சேர்க்கிற எவனுக்கும் இது அரிச்சுவடி. நான் வாயைத் திறந்தேன், மேடம். இதை நீங்கள் அவசியம் எழுதிக்கொள்ள வேண்டும். "மாப்ளே, அதுல..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் அத்தான், 'பாத்து, உடைச்சிடாதே'ன்னு சொல்லப்போறீங்க. நான் விழுந்து செத்தாலும் முதல்ல கிண்ணம் உடைஞ்சுதான்னுதானே பாப்பீங்க?"

வண்டி பழக வந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பெண் சிரிப்பை அடக்கக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் வாயை மூடிக்கொண்டேன். சொல்ல வந்தவனைச் சொல்லவிடாதது யார்?

கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னேன். "ராத்திரியே பிழிஞ்சு மூடி வெச்சிடு மாப்ளே. காலையில குடிச்சா சத்து முழுசா இறங்கியிருக்கும்." அவனுக்கு ஆச்சரியம். "பரவாயில்லையே, இன்னிக்கு அத்தான் கிண்ணத்தைக் கேக்கவே இல்ல" என்றான். அன்று உண்மையிலேயே நான் கேட்கவில்லை.

அதன்பிறகு நான் ஒன்றும் செய்யவில்லை. எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு போனது என் மனைவி, தம்பிக்கு. முதலில் அவனுக்கு வயிற்று வலி. அப்புறம் மலச்சிக்கல், சோர்வு. தொப்பை கரைந்தது, அதில் அவனுக்குச் சந்தோஷம். டாக்டர் ரத்தம் குறைந்திருக்கிறது என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, எலுமிச்சைச் சாற்றோடு சாப்பிட்டால் நன்றாக ஏறும் என்றார். இதற்கும் நானா பொறுப்பு? படித்த டாக்டர் சொன்னது. காலையில் ஒரு வேளை குடித்தவன் அதற்கப்புறம் மூன்று வேளை குடித்தான்.

பிறகு மணிக்கட்டு தொங்க ஆரம்பித்தது. கியரைப் பிடித்துத் தள்ள முடியவில்லை. அப்போதும் வாய் ஓயவில்லை. "கையும் வீட்டோட மாப்பிள்ளை ஆயிடுச்சு அத்தான், வேலைக்குப் போக மாட்டேங்குது." இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பழக வந்தவர்கள் வேறு பள்ளிக்குப் போய்விட்டிருந்தார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா அவன் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். ஓரத்தில் நீலக் கோடு. ரத்தத்தில் காரீயம் என்று கண்டுபிடித்துவிட்டார். கெட்டிக்காரப் பெண். "பெயின்ட், பேட்டரி, அந்த மாதிரி வேலை ஏதாவது உண்டா?" என்று என்னிடம்தான் கேட்டார். மைத்துனன் தூங்கிக்கொண்டிருந்தான், மனைவி மருந்து வாங்கப் போயிருந்தாள். "கார்ப் பள்ளி வெச்சிருக்கான், பழைய பேட்டரி எல்லாம் அவன் கையாலயே கழட்டுவான்" என்றேன். பொய் இல்லை. கழற்றத்தான் செய்வான். பேட்டரியைத் தொடக் கூடாது என்று சொல்லி, மருந்து கொடுத்து, கொஞ்சம் தேற்றி அனுப்பினார்.

இந்த இடத்தில் என்னை நிறுத்துவீர்கள் என்று எதிர்பார்த்தேன். நீங்கள் நிறுத்தவில்லை, எழுதிக்கொண்டே இருக்கிறீர்கள். நானே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வந்த பிறகு அவனால் பழம் பிழிய முடியவில்லை. அதே கிண்ணத்தில் நான் பிழிந்தேன். தினமும் கடையைப் பூட்டிவிட்டுப் போய், பிழிந்து, மூடி வைத்துவிட்டு வருவேன். காலையில் என் மனைவி போய்ப் புகட்டுவாள். "அத்தான் என்னைத் தாங்கு தாங்குன்னு தாங்குறார்க்கா" என்று அவளிடம் சொல்லி அழுதானாம். பிறகு வலிப்பு வந்தது. மூன்றாவது வலிப்பில் போய்விட்டான்.

காரியங்கள் எல்லாம் முடிந்ததும் கிண்ணத்தைப் பஞ்சில் சுற்றி எடுத்துவந்தேன். கேட்பதற்கு வேறு வாரிசு இல்லை. என் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்து விளக்கைப் போட்டேன். அவன் வீட்டு மங்கல் விளக்கில் கண்ணில் படாததை அப்போதுதான் பார்த்தேன். உட்புறம் சாறு நின்ற மட்டம் வரைக்கும் மெருகு வெளுத்துச் சொரசொரத்துப் போயிருந்தது. வெள்ளி மினுமினுப்பு அடியோடு இல்லை. இரண்டாயிரம் வருஷம் மண்ணில் கிடந்து கெடாததை அவன் சில மாதங்களில் தொலைத்துவிட்டான். இனி அது ஜோடி இல்லை. எனக்கு அழுகை வந்தது, மேடம். அவன் போனபோதுகூட வரவில்லை.

"புளிப்பு தின்னுட்டுதே, மொத்தமும் தின்னுட்டுதே" என்று வாய்விட்டுப் புலம்பியிருக்கிறேன். மனைவி கதவருகே நின்றதை நான் கவனிக்கவில்லை. "எந்தப் புளிப்பு?" என்றாள். எங்கள் மகள் சின்னவளாக இருந்தபோது என் கிண்ணத்தில் மோர் ஊற்றிக்கொண்டாள் என்று அவள் கையில் ஓங்கி ஓர் அடி வைத்தேன். "இதுல குடிச்சா காரீயம் ஏறும், சாகணுமா உனக்கு?" என்று கத்தியிருக்கிறேன். எனக்கு மறந்துபோயிருந்தது. பெற்றவளுக்கு அந்த நொடியில் ஞாபகம் வந்துவிட்டது.

அவள் கூச்சல் போடவில்லை. "இதை அவன்கிட்டச் சொல்லியிருந்தா, 'இந்தச் சனியனை எடுத்துட்டுப் போங்க அத்தான்'னு அன்னிக்கே உங்க கையில கொடுத்திருப்பானே. உங்களுக்குக் கிண்ணமும் கிடைச்சிருக்கும், எனக்குத் தம்பியும் இருந்திருப்பான்" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். கொடுத்திருப்பான். ஆனால் சிரித்துக்கொண்டே கொடுத்திருப்பான், மேடம், அத்தனை பேர் முன்னாலும்.