உணவில் எஞ்சிய நஞ்சை அளந்த அம்மையாருக்கு

அளவையே அணிகலனாக, ஐயமே ஆசானாக, உண்மையே உறவாகக் கொண்ட தலைமைப் பகுப்பாய்வாளர் அம்மையீர்! பளபளக்கும் காயைப் பார்த்தவுடன் பல்லிளிக்காத பார்வையுடையீர்! சந்தைக்காரர் சலிப்போடும் நாங்கள் செல்லமாகவும் ‘சல்லடை’ என்றழைத்த பெருந்தகையீர்! நீவிர் பணி ஓய்வு பெறும் இவ்விழாவில் எம் வணக்கம்.

முப்பத்தோராண்டுகள் கீரையை அரைத்தீர், கனியைப் பிழிந்தீர், தானியத்தைச் சலித்தீர். வயலில் தெளித்த பூச்சிக்கொல்லி உண்பவர் தட்டுவரை வந்ததை ஊசிமுனையளவும் பிசகாது காட்டினீர். சோதித்து மிஞ்சிய காய்களை வீட்டுக்கு எடுத்துச்செல்வது இவ்வாய்வகத்தின் பழைய வழக்கம். முடிவு வருமுன்னரே பை நிரப்பிய எங்களை, “ஏம்ப்பா, அறிக்கை வர்றதுக்குள்ள அடுப்புல ஏத்திருவீங்களா? படிச்சவங்கதானே நீங்க!” என்று கடிந்தீர். “கழுவித்தான் சாப்பிடுறோம் மேடம்” என்றோம். “தோலுக்குள்ள போனதை எந்தக் குழாயில கழுவுவீங்க?” என்றீர். சிரித்தோம். நாணமற்ற சிரிப்பு அது!

அன்று சிரித்தவருள் ஒருவருக்கு இன்று கல்லீரலில் கொழுப்பு, இருவருக்கு நீரிழிவு. இனிப்பைத் தீண்டாத உமக்கும் நீரிழிவு. அந்நஞ்சின் வேலையே இஃது என எழுதத் துடித்தோம். “என் ஒருத்தி ரத்தம் சான்றாகாது. எழுதாதீங்க” என்று தடுத்தீர். சொந்த நோய்க்கும் சான்றின்றிப் பழி சுமத்தாத நேர்மையை எச்சொல்லால் ஏத்துவோம்!

அச்சான்றைத் தேடியன்றோ, சிற்றளவு நஞ்சு ஆண்டுக்கணக்கில் உணவோடு சேர்ந்தால் இன்சுலினின் சொல்லுக்கு உடல் செவிசாய்க்க மறுக்குமா என்றறிய, காய்கனி வாங்கியுண்ணும் சில குடும்பங்களைத் தேர்ந்து, அவர்தம் குருதியை ஆண்டுதோறும் பெற்று உறைபெட்டியில் காத்துவைத்தீர்! ஒவ்வொரு பூச்சிமருந்தும் தனித்தனியே வரம்புக்குள் இருந்தால் போதும் என்றது மேலிடம். “ஒரே தட்டுல ஆறு மருந்தும் சேர்ந்து வந்தா?” என்ற உமது வினாவுக்கு விடை கூறாமல், ஆய்வைப் பாதியிலேயே நிறுத்த ஆணை அனுப்பியுள்ளது. நீவிர் ஓய்வு பெற்ற மறுநாளே உறைபெட்டியின் மின்னிணைப்பைத் துண்டிக்க வேண்டுமாம். அவ்விடத்தில் விருந்தினருக்கு நாற்காலி போடுவார்களாம். வெட்கம்! குருதி தந்த குடும்பங்கள் விடைக்குக் காத்திருக்க, விருந்தினர் அமர்வதற்கு என்ன அவசரம்?

ஆகவே வெறும் வாழ்த்தோடு நிறுத்த மனமில்லை. முன்வரிசையில் வீற்றிருக்கும் இயக்குநர் கேட்கவே சொல்கிறோம்: அவ்விணைப்பைத் துண்டிக்க நாங்கள் ஒருவரும் கைநீட்டோம், நீட்டும் கையை விடவும் மாட்டோம்.

ஆய்வின் விடை, உமது ஐயத்தைப் பொய்யாக்கினும் மெய்யாக்கினும், அதனை நீவிரே படித்துக் கையொப்பமிட வேண்டும். அதுவரையும் அதற்கப்பாலும், காலிற் புண்ணின்றி, கண்ணொளி மங்காது, வாழ்க அம்மையீர்!

இங்ஙனம்,
ஆணைக்கு அடிபணியாத
ஆய்வகப் பணியாளர்கள்